வலது கன்னத்துக்கு மட்டும்

மார்ச் 3 — 2,400
ஏப்ரல் 7 — 2,400
மே 5 — 2,400
ஜூன் 2 — 2,160

முதல் மூன்றும் முழு விலை. நான்காவதில் மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி. நான்கும் ஒரே கடையில் வாங்கிய ஒரே க்ரீம், ஒரே அளவு டப்பா. வாங்கியவள் அக்கா, விற்றவள் தங்கை. கடை ஊழியர்களின் வீட்டாருக்கு அந்தத் தள்ளுபடி முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் தள்ளுபடியில் விற்றால் விற்றவளுக்குக் கமிஷன் கிடையாது. ஆகவே தங்கை மூன்று முறை வாயைத் திறக்கவில்லை. நான்காவது முறை கொடுத்தாளே என்றால், மனசு உறுத்தியதால் அல்ல. அந்தக் காலாண்டுக்கு விற்க வேண்டியதை அவள் ஏற்கெனவே விற்று முடித்திருந்தாள், அதற்கு மேல் விற்றால் கமிஷன் இல்லை. அவ்வளவுதான்.

இந்தத் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் சின்னவள்தான், ஏனென்றால் மேலே பெரியவள் ஒருத்தி இருந்தாள். மேலே என்றால் உறவில் மட்டுமல்ல. ஒரே கட்டடத்தில் சின்னவளும் புருஷனும் முதல் மாடி, பெரியவள் மூன்றாம் மாடி. பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, பிறகு வேலைக்குப் போனவள் அவள்.

கடையில் சின்னவளுக்கு வேறு பெயர். ‘பாதி.’ பக்கத்து சென்ட் கவுண்டரில் நின்ற பெண் வைத்த பெயர் அது.

“பாதி அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம் லீவு?”

“இடது பக்கம் எப்பவும் லீவுதான். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

“மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். திறந்தா உங்க க்ரீம் வாடை தொண்டைக்குள்ள போகுது.”

அந்த வாடை உண்மைதான். நனைந்த மழைக்கோட்டின் மேல் ரோஜாத் தண்ணீர் தெளித்தது போல ஒரு வாடை. ஆறு வருஷம் மூக்குக்குள் குடியிருந்தும் அது அவளுக்குப் பழகவில்லை. பஸ்ஸில், படுக்கையில், சாப்பாட்டில் கையை வைத்தால்கூட வந்தது.

கடைக்கு வருமுன் பதினோரு வருஷம் அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றாள். சட்டைக் கழுத்து, கை மடிப்பு, ஆஸ்பத்திரிக் கோட்டுகள், ஹோட்டல் மேஜை விரிப்புகள். கஞ்சி போடுவதில் அவளுக்குக் கை வந்திருந்தது. நீராவியில் இருமல் வந்து விடாமல் பிடித்துக்கொண்டபோது வேறு வேலை தேடினாள். பெரிய கடையின் தரைத்தளத்தில் முகச் சுருக்கம் போக்கும் க்ரீம் விற்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததைப் பார்த்து, அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

அங்கே கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் கண்ணோரம் வைத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அளந்தார்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருக்கு. இது ரொம்ப அபூர்வம்மா. நூறு பேரைப் பார்த்துட்டேன்.”

அவள் முகத்தை வாழ்நாளில் முதல்முதலாகப் பாராட்டிய ஆண் அவர்தான். வீட்டில் வந்து சொன்னபோது, லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “அது என் கைவண்ணம். இருபது வருஷமா ரெண்டு பக்கமும் சமமாத்தான் எரிச்சல் மூட்டியிருக்கேன்,” என்றார்.

கழுத்துப்பட்டைக்காரர் என்று சொல்ல நேரமில்லாமல் கடையில் எல்லோரும் அவரை டைக்காரர் என்றார்கள். அவர் போட்ட விதி சுலபமானது. க்ரீம் வலது கன்னத்துக்கு மட்டும். இடது கன்னத்தில் எதையும் தடவக் கூடாது, வீட்டிலும்தான். குளிரூட்டிய கடைக்குள் நாளெல்லாம் நின்றாலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடாது. போதாததற்குத் தினமும் காலையில் தூசி போகவென்று இடது பக்கத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். வருகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார் டைக்காரர். பெருந்தன்மையோடுதான் சொன்னார்.

ஒரு வருஷத்தில் வித்தியாசம் தெரிந்தது. வலது பக்கம் நாற்பத்தாறு வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இடது பக்கம் காய்ந்து, வெடித்து, குதிகால் போல ஆகியிருந்தது. வலது பக்கத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். இடது பக்கத்தை என்ன செய்து அப்படி ஆக்கினார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தொடக்கத்தில் மூன்று நாள் வகுப்பு நடந்தது. கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு இளைஞன் வந்து பெப்டைடு என்றால் என்ன என்று படம் போட்டுக் காட்டினான். புரதத்தை நறுக்கினால் வரும் சின்னத் துண்டு அது. தோலுக்குள் போய், தோலைத் தாங்கிப் பிடிக்கும் நாரை இன்னும் கொஞ்சம் உண்டாக்கு என்று சேதி சொல்லும். இன்னொரு வகை, முகத் தசையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லும்.

“சேதி போய்ச் சேருமா?” என்று சின்னவள் கேட்டாள்.

“சேர்ற அளவுக்குச் சேரும்,” என்றான் அவன். “தோலு சும்மா உள்ளே விட்டுடாது இல்லையா? விடாம பன்னிரண்டு வாரம் தடவி, நல்ல வெளிச்சத்துல நின்னு, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தா கொஞ்சம் தெரியும்.”

டைக்காரர் கதவோரத்தில் நின்று இருமினார். மத்தியானத்திலிருந்து அந்த இளைஞனைக் காணவில்லை. அவனுக்குப் பதிலாக டைக்காரரே வகுப்பெடுத்தார். அவர் வகுப்பில் பன்னிரண்டு வாரம் பத்து நிமிஷமாகிவிட்டது.

பத்து நிமிஷத்துக்குத்தான் குப்பி. கவுண்டரின் அடி இழுப்பறையில், துடைக்கும் துணிகளுக்குக் கீழே இருந்த விரல் நீளக் குப்பி. உள்ளே தண்ணீர் போல ஒன்று. அது விற்பனைக்கு இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. தினமும் பதினோரு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்து செய்து காட்டுமுன், அதில் இரண்டு சொட்டு வலது கண்ணுக்குக் கீழே மெல்லியதாகப் பூசி, விலைச் சீட்டு அட்டையால் விசிறிக்கொள்ள வேண்டும். காயும்போது தோலை யாரோ காதோடு சேர்த்து இழுத்துக் கட்டுவது போலிருக்கும். பிறகு பார்த்தால் கண்ணோரத்தில் ஒரு கோடும் இருக்காது.

முதல் தடவை பூசியதுமே இது என்னவென்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. கஞ்சி. சட்டைக் கழுத்தை விறைக்க வைக்கிற அதே சங்கதி. காய்ந்தால் நிற்கும், மடித்தால் வெள்ளையாக உடையும். மற்ற எதையும் விட அவளுக்கு அருவருப்பாக இருந்தது அதன் சுத்தம்தான். நிறமில்லை, வாடையில்லை. பொய் என்றால் கொஞ்சமாவது நாற வேண்டாமா?

குப்பி நீரின் மேலேயோ அடியிலேயோ க்ரீம் பட்டால் இரண்டும் சேர்ந்து அழிரப்பர்த் தூள் மாதிரி உருண்டு வந்துவிடும். ஆகவே எல்லோர் கண்ணெதிரிலும் டப்பாவைத் திறந்து, விரலில் க்ரீமை அள்ளிக் காட்டி, கையை முகத்துக்குக் கொண்டுபோகும் வழியில் அதை இன்னொரு உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, காய்ந்த மோதிர விரலால் கன்னத்தைத் தட்ட வேண்டும். இஸ்திரி பிடித்த கை அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. கூட்டத்தில் எப்போதும் ஒருத்தி “அட!” என்பாள். பிறகு விரல்கள் நீளும். முன்பின் தெரியாத விரல்கள் அவள் கன்னத்தைத் தொடும், அழுத்தும், கிள்ளக்கூடச் செய்யும். அதே விரல்கள், தொட்டுப் பார்க்கவென்று திறந்து வைத்த டெஸ்டர் டப்பாவுக்குள் போகும். மாலையில் அந்த டப்பாவைத் துடைக்கும்போது உள்ளே முடி கிடக்கும், நகச்சாயத் துணுக்கு கிடக்கும், ஒரு முறை ஒரு பிளாஸ்திரிகூடக் கிடந்தது. மேலே இருப்பதை வழித்து எறிந்துவிட்டு அடியில் இருப்பதைச் சமப்படுத்தி வை என்பது டைக்காரரின் உத்தரவு.

சிரிக்கக் கூடாது என்பது கடைசி விதி. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும் உதடு மட்டும் சிரிக்கலாம், கண் சிரிக்கக் கூடாது. ஒரு மணிக்குக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கன்னத்தை உரிப்பாள். பூண்டுத் தோல் போல உரிந்து வரும். சில நாள் கூடவே கண்ணிமை மயிர் ஒன்றிரண்டும் வரும். காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவாள். இரண்டாம் தடவையும் கழுவுவாள். ஆனாலும் மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்டூலில் ஏறினாள். இருமல் இல்லை, சம்பளம் ஒழுங்காக வந்தது, கமிஷன் அதற்கு மேல்.

இப்படி ஆறாம் வருஷம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பெரியவள் முதல் டப்பாவைக் கேட்டாள்.

பெரியவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முகப்பில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் எழுதிக் கொடுப்பவள். இருபத்திரண்டு வருஷம் அதே நாற்காலி. அவளுடைய சிரிப்பு அந்த ஆஸ்பத்திரியின் மரச்சாமான் மாதிரி நிரந்தரமானது. வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்களை மூடவைத்து, முகமெல்லாம் கோடாக விரியும் சிரிப்பு. பல் பிடுங்க வந்த பிள்ளைகள் அழ ஆரம்பித்தால் பழைய டாக்டர் உள்ளே இருந்தபடியே, “அவங்களைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க,” என்பார். அந்த டாக்டர் ஆஸ்பத்திரியை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர்கள் மூன்று பேர். அவர்கள் நியமித்த நிர்வாகி முதல் கூட்டத்திலேயே, முகப்பில் இருப்பவர்கள் பார்க்கப் புத்துணர்ச்சியாக இருப்பது அவசியம் என்றார். சொல்லும்போது அவர் பெரியவளைப் பார்க்கவில்லை. அவளைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்தார்.

“எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்குடி,” என்றாள் பெரியவள். “அதுக்குள்ள இந்த மூஞ்சியை வெச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா? உன் வலது பக்கத்தைப் பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு. அந்தப் பெப்டைடு என்ன பண்ணும்?”

சின்னவள் வாய் கூசாமல் ஒப்பித்தாள். தோலுக்குள் சேதி போகும், நார் உண்டாகும், தசை தளரும். கவுண்டரில் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். குப்பி என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

பெரியவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, இரண்டு கன்னத்துக்கும் சமமாகத் தடவினாள். டப்பாவின் மேல் போட்டிருந்த பொடி எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். தோல் கொஞ்சம் மெத்தென்று ஆனது. கோடுகள் இருந்த இடத்தில் இருந்தன.

“மூணு டப்பா தீர்ந்துபோச்சு. உன்னோடது மாதிரி ஆகலையே. நான் ஏதாவது தப்பாத் தடவுறேனா?”

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். சின்னவள் அக்காவின் மோவாயைப் பிடித்து, டைக்காரர் தன்னைத் திருப்பியது போலவே ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“விட்டுடாதேக்கா. இன்னொண்ணு போடு. இப்பத்தான் வேலை செய்ய ஆரம்பிக்குது.”

அதுதான் ஜூன் இரண்டாம் தேதி வாங்கிய நான்காவது டப்பா.

ஜூன் பதினெட்டாம் தேதி மூன்று முதலாளிகளும் ஆஸ்பத்திரிக்கு வருவதாக இருந்தது. அதே நாள் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. பட்டியலில் இல்லாத எதுவும் இழுப்பறையில் இருக்கக் கூடாது என்று டைக்காரர் சொல்லியிருந்ததால், குப்பியை முந்தின சாயங்காலமே சின்னவள் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். காலையில் பெரியவள் குடை கேட்டு இறங்கி வந்தாள்.

“என் பையில இருக்கு, எடுத்துக்கோக்கா!” என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள் சின்னவள்.

பெரியவள் பையைத் திறந்தாள். குடை இருந்தது. பக்கத்தில் குப்பியும் இருந்தது. அதை அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அவள் கடைக்குப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரமாக நின்றிருக்கிறாள். ஆரம்பிக்குமுன் தங்கை குனிந்து கன்னத்தில் எதையோ பூசி விசிறிக்கொண்டதைப் பார்த்தும் இருக்கிறாள். ஊழியர்களுக்கு மட்டும் கொடுக்கும் வீரியமான சரக்கு என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கேட்டால் தங்கைக்குச் சங்கடம் என்று கேட்காமல் இருந்தாள். இன்று ஒரு நாளைக்கு என்று எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

வழக்கம் தவறாதவள். முதலில் க்ரீமை இரண்டு கன்னத்திலும் நன்றாகத் தேய்த்தாள். அதன் மேல் குப்பி நீரை இரண்டு பக்கமும், நெற்றியிலும், வாயோரத்திலும் தாராளமாகப் பூசினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவளே சாயங்காலம் வந்து சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், கதவுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று சொன்னாள்.

“பத்து மணி வரைக்கும் ஜோரா இருந்துச்சு. கண்ணாடியில பார்த்துக்கிட்டேன். எனக்கே என்னை அடையாளம் தெரியலை. முதலாளிங்க வந்தாங்க. அதுல ஒருத்தர், இந்த நாற்காலிக்கு எத்தனை வயசு, உங்களைவிடக் கூடவான்னு கேட்டார். தமாஷ். நான் சிரிச்சேன். என்ன பண்றது, சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். கன்னத்துல என்னமோ படபடன்னு உடையுது. நோட்டு மேல வெள்ளையா உதிருது. கையால துடைச்சேன்டி, துடைக்கத் துடைக்க உருண்டை உருண்டையா வருது. அங்க ஒரு குட்டிப் பொண்ணு, ‘அம்மா, ஆன்ட்டி மேலருந்து சுண்ணாம்பு உதிருது’ன்னு கத்துச்சு. அந்த முதலாளி ரெண்டடி பின்னால போய்க் கைக்குட்டையால மூக்கை மூடிக்கிட்டார். என்னைப் பார்த்து! நான் என்ன அழுகிப்போனவளா?”

தொற்றுநோயாக இருக்கலாம் என்று அவளை அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தோல் டாக்டரிடம் போய் நோய் எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும். அவள் மத்தியானமே போய் வாங்கிவிட்டாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நிர்வாகி, காகிதம் சரி, ஆனால் நேரில் பார்த்தவர்கள் வாயை எப்படி மூடுவது, நாங்கள் கூப்பிடும்வரை ஓய்வில் இருங்கள் என்றார். சம்பளம் இல்லாத ஓய்வு.

“இப்பச் சொல்லு,” என்றாள் பெரியவள். “உன் மூஞ்சியில மட்டும் ஏன் உதிரலை?”

சின்னவள் சொன்னாள். நீர் என்னவென்று சொன்னாள், க்ரீம் மேல் ஏன் படக் கூடாது என்று சொன்னாள், விரல் எப்படி மாறும் என்று செய்தும் காட்டினாள். இடது கன்னத்து ஸ்பிரிட்டையும் விடவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை, வாந்தி மாதிரி வந்தது. அவள் புருஷன் கையில் பிடித்த டீயைக் குடிக்க மறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியவள் கேட்டு முடித்தாள். மேலே போய் ஒரு பையோடு இறங்கி வந்தாள். அதிலிருந்து நான்கு டப்பாக்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். மூன்று காலி, கழுவித் துடைத்து வைத்திருந்தாள், பொத்தான் போட்டு வைக்க உதவும் என்று. ஒன்றில் பாதி இருந்தது.

“இந்த நாலாவதுக்கு மட்டும் விலை குறைச்சலா வாங்கினியே, ஏன்?”

“ஊழியர் தள்ளுபடி.”

“முதல்லயும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப ஏன் கொடுக்கலை?”

“கமிஷன் போயிடும்.”

லிப்ட் மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். “என்னடி இது, கேவலமா இருக்கு,” என்றார். கல்யாணமான நாளிலிருந்து தமாஷ் கலக்காமல் அவர் பேசிய வாக்கியங்களில் அது ஒன்று.

பெரியவள் கோபப்பட்டுக் கத்துவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“விக்கிறவ ஒருத்தி இருந்தா. வாங்குறவ ஒருத்தி இருந்தேன்,” என்றாள் பெரியவள். “கூடப் பொறந்தவ எங்கடி போனா?”

அதற்குப் பிறகு மூன்று வாரம் மூன்றாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படியில் எதிர்ப்பட்டால் பெரியவள் சுவரோரம் ஒதுங்கி நின்று, வழி விட்டுவிட்டு, பிறகு ஏறினாள். தொற்றுநோய்க்காரியிடமிருந்து ஒதுங்குவது போல. சின்னவள் கடைக்குப் போனாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், பூசினாள், விசிறினாள், ஒரு மணிக்கு உரித்தாள். இப்போது உரித்ததைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் அது உதிர்வது தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் பெரியவள் மன்னித்தும் விடுவாள். ஆனால் நாற்காலி திரும்ப வராது. பெரியவளுக்கு நோய் இல்லை என்பதை டாக்டர் சொல்லியும் ஆஸ்பத்திரி நம்பவில்லையென்றால், உதிர்ந்தது என்ன என்று சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். சொல்வதென்றால் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும், எந்தக் கம்பெனி, எந்தக் கவுண்டர் என்றும் சேர்த்து.

ஜூலை ஒன்பதாம் தேதி அவள் ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கம்பெனிக்குப் போனா உன் வேலை போயிடும். தெரியுமில்ல?”

“போகட்டும்.”

“கடன் இருக்கு.”

“இருக்கட்டும். நீங்க இன்னும் ரெண்டு லிப்டைச் சேர்த்துப் பாருங்க.”

“அது எப்பவும் மேலயும் கீழயும் போயிட்டு வர்ற தொழில்தானே,” என்று அவர் பேனாவுக்கு மூடி தேடிக் கொடுத்தார்.

கடிதத்தில் சுற்றி வளைத்தல் எதுவும் இல்லை. நடுவில் இருந்த நான்கு வரிகள் இவை: “என் அக்கா முகத்தில் இருந்தது நான் வேலை செய்யும் கவுண்டரின் குப்பி நீர். அது தோலில் காய்ந்து இழுத்துப் பிடிக்கும். இரண்டு மணி நேரம் தாங்கும். சிரித்தால் உதிரும்.” அதற்குக் கீழே, இது நோய் அல்ல என்றும், தப்பு தன்னுடையது என்றும் எழுதியிருந்தாள்.

ஆஸ்பத்திரி அந்தக் கடிதத்தின் நகலைக் கம்பெனிக்கு அனுப்பி, உண்மைதானா என்று கேட்டது. டைக்காரர் சின்னவளைக் கிடங்குக்குள் கூப்பிட்டார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரே நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்தார்.

“உன்னை யாரு இதை எழுதச் சொன்னா?”

“யாரும் சொல்லலை சார். அதனாலதான் ஆறு வருஷம் ஆயிடுச்சு.”

அவர் கத்தவில்லை. கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

“ரெண்டு மணி நேரம்னு எப்படித் தெரியும்?”

“அதுக்கு மேல ஓரத்துல தூக்க ஆரம்பிக்கும். நான்தானே உரிக்கிறேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எதிலோ குறித்துக்கொண்டார். ஏன் குறிக்கிறார் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த நாளே வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்தது. மேலங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது சென்ட் கவுண்டர்ப் பெண், “பாதி அக்கா, இனிமே முழுசா இருங்க,” என்று சொல்லி, கேட்காமலே அவள் இடது கன்னத்தில் தன் கையிலிருந்த சாதாரண வாஸலைனை அப்பிவிட்டாள். ஆறு வருஷத்தில் அந்தக் கன்னம் கண்ட முதல் எண்ணெய்ப் பசை. எரிந்தது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பெரியவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. அன்று சாயங்காலம் அவள் முதல் மாடிக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு துணிப்பை.

“வேலை இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதே சம்பளம். ஆனா முகப்புல இல்லை, உள்ள பைல் ரூம்ல. ஜன்னல்கூடக் கிடையாது.”

“உனக்கு நோயில்லைன்னு நம்பிட்டாங்களா?”

“நம்பிட்டாங்க. நோயில்லாத கிழவின்னு நம்பிட்டாங்க.”

“போகப் போறியாக்கா?”

“போகாம? மூணு வருஷம் இருக்கு. அங்க நான் வயிறு வலிக்கச் சிரிச்சாலும் பைல் என்ன பின்னால நகர்ந்து மூக்கையா பொத்தப் போகுது?” பையிலிருந்து தன் வேலைச் சேலையை எடுத்து நீட்டினாள். “நாளைக்கு உடுத்தணும். தேய்ச்சுக் கொடு. கஞ்சி போட்டே, கொன்னுடுவேன்.”

சின்னவள் தேய்த்துக் கொடுத்தாள். பெரியவள் உட்கார்ந்து காத்திருந்தாள், இரண்டு காலும் கதவுக்கு உள்ளே.

செப்டம்பரில் சின்னவள் பழைய சலவைக் கடைக்கே திரும்பினாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஒரு பக்கம் தேய்க்க மறந்துட்டாங்களா?” என்றார். இருமல் ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தது. இடது கன்னத்துக்குத் தினமும் வாஸலைன் தடவினாள். வெடிப்பு மூடியது. கோடுகள் அப்படியே நின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்கிய அந்த அபூர்வ முகம் போனது போனதுதான். அளந்து சொல்ல ஸ்கேல் வேண்டியதில்லை, தெரு முனையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் கூடவே ஒரு சின்னப் பெட்டியும் வந்தன. அன்று பெரியவள் கீழேதான் இருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே உரக்கப் படித்தாள். கம்பெனி ஒரு புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. விலை க்ரீம் டப்பாவைப் போல ஒன்றரை மடங்கு. தங்களுடைய நேர்மையான அனுபவமே இதற்குத் தூண்டுதல். இதைச் செய்து காட்டத் தாங்களே பொருத்தமானவர் என்று கருதுகிறோம். சம்பளம் முன்னைவிடக் கூடுதல். இம்முறை இரு கன்னங்களிலும் பூசிக்கொள்ள அனுமதி உண்டு.

சின்னவள் பெட்டியைத் திருப்பினாள். தங்க நிற அட்டைக்குள் விரல் நீளக் குப்பி, அதே தண்ணீர். அட்டையின் மேல் அவளுடைய வரிகள் அச்சாகியிருந்தன. காய்ந்து இழுத்துப் பிடிக்கும். இரண்டு மணி நேரம் தாங்கும். மூன்றாவது வரியை மட்டும் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள்: மென்மையாகப் புன்னகையுங்கள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தாலும் இல்லை. பொய்யாக இருந்தபோது அதை ஒளித்து வைக்கவாவது ஓர் இழுப்பறை வேண்டியிருந்தது.

“தூ,” என்றாள் பெரியவள். “என்னடி பதில் எழுதப் போறே?”

“ஒரு தடவை எழுதினதையே அட்டையில அடிச்சு விக்கிறானுங்க. இன்னொண்ணு எழுதினா அதையும் விப்பானுங்க.”

பெரியவளுக்கு அது வயிற்றிலிருந்து கிளம்பியது. தோள் குலுங்கியது, கண் மூடிக்கொண்டது, முகமெல்லாம் கோடாக விரிந்தது. எதுவும் உதிரவில்லை. சின்னவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் குப்பியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். காலையில் பார்த்தால் தொட்டியின் அடி முழுவதும் கண்ணாடி போல விறைத்து, பளபளவென்று, ஒரு கோடு இல்லாமல் இருந்தது. அரை மணி நேரம் கத்தியால் சுரண்டினாள். கம்பெனிக்குப் பதில் போகவில்லை, அவர்களும் பிறகு எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள் நவம்பர் 19.